மாவுக்கட்டை அவிழ்த்த கை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள். "சொன்னதைச் செய். சொல்லாததைத் தொடாதே." எனக்கும் சொன்னார்கள். தலையை ஆட்டிக்கொண்டேன். பல ஆண்டுகள் அப்படியே நடந்தும் பார்த்தேன். முக்கால்வாசி நாள் அது சரியான பேச்சுதான். மீதிக் கால்வாசியில் ஒரு மனிதனின் கை போய்விடும். அந்தக் கால்வாசியைப் பற்றி யாரும் உங்களிடம் பேசப்போவதில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

நான் பேசத் தெரிந்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடி நின்றால் சுவரோரம் ஒதுங்கிப் போகிறவன். ஆரணிப் பக்கம் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. இருந்த நிலத்துக்கு அண்ணன்மார்களே போதும் என்று ஆனபோது, எனக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிற வேலை கிடைத்தது. பிறகு மாவுக்கட்டு அறைக்கு மாற்றினார்கள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பு தேய்ந்துபோனதால், ஓய்வு வயது வருவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன். வழியனுப்பு நாளில் மாலை போட்டு, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "வர்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று வாயில் வராதது இது.

நம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நீங்களும் பார்க்கிறீர்கள். ஏரியில் வலை போடுகிறவர்கள், நெல் அறுக்கிறவர்கள், ஆடி மாதம் பெரியபாளையத்துப் பவானியம்மா கோயிலுக்குப் போகிற வழியில் வண்டி குடை சாய்ந்து விழுந்தவர்கள். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வந்த பிறகு இரும்புக்கடியில் நசுங்கிய கைகளும் வரத் தொடங்கின. ஆள் மாறும், அடி மாறும். பிசகுகள் மாறுவதில்லை. நாம் பேசாத இடத்திலும் அவர்கள் பேசாத இடத்திலும்தான் அவை பிறக்கின்றன.

எனக்கு மாவுக்கட்டு வேலையைக் கற்றுத் தந்தவர் அப்போது எங்களுக்குப் பெரிய டாக்டராக இருந்தவர். பெயர் வேண்டாம். கெட்டிக்காரர். முழங்கையைத் தடவிப் பார்த்தே உள்ளே எலும்பு எப்படி முறிந்திருக்கிறது என்று சொல்லுவார். பிறகு படம் எடுத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். கோபமும் அதிகம். கோபம் இல்லாத நேரத்தில் கை கழுவிக்கொண்டே ஏதாவது சொல்லுவார். ஒருநாள் நான் கட்டிய கட்டை நானே ரசித்துக்கொண்டு நின்றபோது சொன்னார்:

"கன்னியப்பா, கட்டு அழகா இருக்குன்னு அதையே பாத்துக்கிட்டு நிக்காதே. கட்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கே விரல், அதைப் பாரு. உள்ளே நடக்கிற அநியாயத்தை வெளியே வந்து சொல்ற ஒரே ஆள் அதுதான்."

அவரிடம் நான் கற்ற எல்லாவற்றிலும் பெரிய பாடம் அது. அதை வைத்துத்தான் பின்னால் அவரையே எதிர்த்தேன்.

கதைக்குப் போகும் முன் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதலில் நாட்டுக்கட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்தக் கை கட்டியதோ அந்தக் கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் கூடிய எலும்பு விலகிவிடும் என்பார்கள். அந்த நம்பிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் நம்மிடமும் வருவார்கள்.

பெரிய டாக்டருக்கும் அதே விதி இருந்தது, வேறு காரணத்தால். ஒருமுறை அவர் போட்ட கட்டை வேறொருவர் பிரித்து மறுபடி போட, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. பழி இவர்மேல் வந்தது. அன்றிலிருந்து, "நான் போட்ட கட்டை நான்தான் பிரிப்பேன்" என்று சொல்லிவிட்டார். மாவுக்கட்டு வெட்டுகிற பெரிய கத்தரியையும் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். இது தெரிந்ததும் குப்பங்களில் அவர்மேல் மதிப்பு கூடியது. "தன் கட்டைத் தானே அவுக்கிற டாக்டரு" என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே விதி. நடுவில் ஒருவன் மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் வெளியே வருவான் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஏழுமலை அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்து மீனவர் அவர். படகைக் கரைக்கு இழுக்கும்போது படகுக்கும் கல்லுக்கும் நடுவே வலது கை சிக்கி, முன்கை எலும்பு இரண்டும் முறிந்துவிட்டன. ஈரத் துண்டில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை பகலில் வந்தார். கூடவே மனைவி தேசம்மாள். வாசலில் பெரிய டாக்டரின் கார் கிளம்பத் தயாராக நின்றது. சென்னையில் அவர் வீட்டுக் கல்யாணம். போகிற போக்கில் இதை முடித்துவிடலாம் என்று உள்ளே வந்தார். கையை இழுத்து எலும்பை நேராக நிறுத்தி அவர் பிடித்துக்கொண்டார். நான் மாவுத் துணியை நனைத்துச் சுற்றினேன். எப்போதும் அதுதான் முறை. கை ஏற்கெனவே வீங்க ஆரம்பித்திருந்தது.

"இன்னும் இறுக்கிச் சுத்து. நகரக் கூடாது."

சுற்றினேன். கட்டு கெட்டியானதும் கை கழுவிக்கொண்டு, "திங்கட்கிழமை வந்து பாக்கிறேன். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று மாலையே ஏழுமலைக்கு வலி தொடங்கிவிட்டது. மறுநாள் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் இரும்பை இடது கையால் பிடித்தபடி இருந்தார். தேசம்மாள் வார்டில் யாரைப் பார்த்தாலும் சொன்னாள். அவள் மீன் விற்கிறவள். தாழ்ந்த குரலே அவளிடம் கிடையாது.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரியில ஏலம் போட்டுக்கினு கீறே?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"ஆமாய்யா. என் புருசன் நோவுதான் ஏலத்துக்கு வந்துகீது. நீ எடுத்துக்கிறியா?"

வார்டே சிரித்தது. நாங்களும் சிரித்துக்கொண்டே, எல்லாரிடமும் சொல்கிற பதிலை அவளிடமும் சொன்னோம். எலும்பு முறிந்தால் வலிக்காமல் இனிக்குமா? அந்தப் பதிலை நான் வேலையை விட்ட நாள்வரை நம் வார்டில் கேட்டேன். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். முறிந்த எலும்பு வலிக்கும் என்பது உண்மை. ஆனால் நேராக நிறுத்திக் கட்டிய பிறகு வலி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால் அது எலும்பின் வலி இல்லை.

ஏழுமலையின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வாரம் பொறுப்பில் இருந்தவர் சின்ன டாக்டர். படிப்பை முடித்துப் புதிதாக வந்த பிள்ளை. காலையில் சுற்றி வந்தபோது, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். முந்திய நிமிஷம்வரை முனகிக்கொண்டிருந்த ஏழுமலை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லாக் கீது சார்."

"வலி?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தேசம்மாள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், ராவெல்லாம் என் உசுர வாங்கினியே. அவரு கேக்கச்சொல்ல இன்னாத்துக்குப் பொய் சொன்னே?"

"படிச்ச மன்சன் வந்து மொகத்தப் பாத்துக் கேக்கச்சொல்லோ நோவுதுன்னா சொல்லுவாங்க? மருவாதி இல்ல."

இதை வாசிக்கிற நோயாளி யாராவது இருந்தால் உங்களுக்கும் சொல்கிறேன். டாக்டரிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்வது மரியாதை இல்லை. உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒரே சேதி உங்கள் வலி. அதை மறைத்தால் அவர் இருட்டில் கை விடுகிறார். டாக்டர்களுக்கும் ஒன்று. "எப்படி இருக்கு" என்று கேட்டால் நம் ஜனங்கள் நல்லா இருக்குன்னுதான் சொல்வார்கள். "விரலை நீட்டு, பார்க்கலாம்" என்று கேளுங்கள். வாய் மரியாதைக்குப் பொய் சொல்லும். விரலுக்கு மரியாதை தெரியாது.

உச்சி வேளையில் ஏழுமலை முனகுவதை நிறுத்திவிட்டார். வலி போய்விட்டது என்றார். வார்டில் எல்லாருக்கும் நிம்மதி. தேசம்மாள் பெரியபாளையம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, டீ வாங்கி வரப் போனாள். கொஞ்ச நேரத்தில் மாவுக்கட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"நைனா, இங்க வா. அது எங்க ஊட்டுக்காரரு கைதானா, வேற யாருதான்னு வந்து பாரு."

"இன்னாம்மா?"

"டம்ளரு கொதிக்குது. என்னாலயே புடிக்க முடில, முந்தானையில புடிச்சிக் குடுத்தேன். அவரு கட்டு போட்ட கை விரலு மேல அத்தச் சாச்சி வெச்சிக்கினு ஊர்க் கத பேசிக்கினு கீறாரு."

போய்ப் பார்த்தேன். டம்ளரை எடுத்தேன். விரல் நுனி சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. மற்ற விரல்கள் வீங்கி, வெளுத்து, தொட்டால் சில்லென்று இருந்தன. நகத்தடியில் நீலம். நடுவிரலை மெதுவாக நீட்டினேன். வலியே இல்லை என்ற மனிதர் முன்கைக்குள் கத்தி பாய்ந்ததுபோல் கட்டிலில் துள்ளி எழுந்தார்.

வலி போகவில்லை. வலியைச் சொல்கிற நரம்புதான் போய்க்கொண்டிருந்தது.

வார்டு சிஸ்டரிடம் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய டாக்டர் கட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சின்ன டாக்டரைக் கூப்பிடு" என்றார். சின்ன டாக்டர் ஓடி வந்தார். விரலைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. அவருக்குத் தெரிந்தது. புத்தகத்தில் படித்தது கண் முன்னால் கிடந்தது.

"கட்டை வெட்டணும்" என்றார். பிறகு, "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம். டிரங்க் கால் போடுங்க" என்றார்.

கல்யாண வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. கத்தரி இருந்த அலமாரியின் சாவியும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. டாக்டர் திரும்பி வந்து ஏழுமலையிடம், "கட்டைப் பிரிக்கணும் போல இருக்கே" என்றார். கேட்கிற மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

"வேணாம் சார்" என்றார் ஏழுமலை. "கட்டுனவரு வந்து அவுக்கட்டும். வேற கை பட்டா எலும்பு கோச்சிக்கும். நோவுதான் போயிடுச்சே."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அவரே வேண்டாம்கிறாரே" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. தப்பு நடப்பது இப்படித்தான் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். அங்கே கெட்டவர் ஒருவரும் இல்லை. சிஸ்டருக்கு ஒழுங்கு, டாக்டருக்குப் பயம், நோயாளிக்கு நம்பிக்கை. ஆளுக்கொரு நல்ல காரணம் வைத்திருந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தோம். கை காத்திருக்கவில்லை.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். என் இடம் அதுதான். வாய் எப்படித் திறந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"கட்டுனது நான்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏழுமலை, உன் கையை இழுத்துப் புடிச்சிக்கினு இருந்தது பெரியவரு. கட்டு கட்டுனது நான். நீ கண்ண மூடிக்கினு இருந்தே, உனக்குத் தெரியாது. சுத்தினது எல்லாம் என் கை. இந்தக் கை அவுக்கலாம்."

ஏழுமலை மனைவியைப் பார்த்தார். நம்பிக்கை விஷயத்தில் அவள் சொல்தான் அவருக்கு முடிவு.

"ஆமாய்யா" என்றாள் தேசம்மாள். "நான் கதவாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன். அந்த டாக்டரு புடிச்சிக்கினுதான் இருந்தாரு. இந்தாளுதான் தோசை மாவாட்டம் தொட்டுத் தொட்டுச் சுத்துனாரு."

"அப்ப நீதான் கட்டுனவனா?"

"நான்தான்."

"சத்தியமா?"

"பவானியம்மா மேல."

"அப்ப அவு" என்று கையை நீட்டினார்.

சின்ன டாக்டர், "கன்னியப்பா, நான் உனக்கு உத்தரவு கொடுக்கலை" என்றார். நான் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குப் போய்க் காய் நறுக்குகிற கத்தியை வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். ஏழுமலையின் கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

"மேலே இருக்கிற மாவை மட்டும் வெட்டினா போதாது. உள்ளே இருக்கிற பஞ்சு, துணி எல்லாம் சேத்து வெட்டு. தோல் தெரியணும். நான் பிடிச்சுக்கிறேன்."

சிஸ்டர் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து, நான் வெட்டுகிற கோட்டில் நீரை ஊற்றிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை சொல்வதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. சொன்ன பிறகு எல்லாருக்கும் கை வந்தது.

கட்டு பிளந்ததும் உள்ளே இருந்த கை பொங்கி வெளியே வந்தது. கட்டைவிரலில் மெல்ல நிறம் திரும்பியது. அப்புறம் ஆள்காட்டி விரலில். மற்ற விரல்களில் திரும்பத் தாமதமாயிற்று. டாக்டர் ஆஸ்பத்திரி ஜீப்பைக் கிளப்பச் சொன்னார். சென்னைக்குக் கொண்டுபோய், தேவைப்பட்டால் தோலைக் கீறி உள்ளே இருக்கிற இறுக்கத்தையும் தளர்த்த வேண்டும் என்றார். ஜீப்பில் ஏற்றும் முன் தேசம்மாளிடம் போனார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"கட்டு இறுக்கமா இருந்துச்சும்மா. நேத்தே நாங்க பாத்திருக்கணும். காலையில நான் வந்தப்பவாவது விரலைத் தொட்டுப் பாத்திருக்கணும். இப்போதான் பாத்தோம். கை பிழைக்கும்னு நெனைக்கிறேன். பழைய மாதிரி முழுசா வருமான்னு என்னால சொல்ல முடியாது."

தேசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இத்தச் சொல்றதுக்கு இவ்ளோ நேரமா சாமி?" என்றாள். பிறகு, "சொன்னியே, அதுவரைக்கும் நல்லாரு. வண்டிய எடுக்கச் சொல்லு" என்று ஏறி உட்கார்ந்தாள்.

டாக்டர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தப்பை ஒப்புக்கொண்டால் அடிக்க வருவார்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் பார்த்தவரை, சொன்னவரை அடிக்க வந்தவர்கள் இல்லை. மறைத்தவரைத் தேடித்தான் வந்தார்கள்.

ஏழுமலையின் கை பிழைத்தது. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கியே நின்றுவிட்டன. சில வாரங்கள் கழித்துக் குப்பத்துப் பெரியவர்கள் திரண்டு வந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். கத்தவில்லை. "எங்க ஆளு விரலு ஏன் மடங்கிச்சி? அத்த மட்டும் சொல்லுங்க. கேட்டுக்கினு போயிடறோம்" என்றார்கள். பெரிய டாக்டர் அறையை விட்டு வெளியே வரவில்லை. சேதி மேலே போய், விசாரணைக்கு ஓர் அதிகாரி வரப்போவதாகத் தெரிந்தது.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கன்னியப்பா, அந்த ஆள் இங்கே வரும்போது நாட்டுக்கட்டு போட்டிருந்தான். இறுக்கமா இருந்தது. நீதான் அதை அவுத்தே. ஞாபகம் இருக்கா?"

"இல்லைங்க ஐயா. ஈரத் துண்டுதான் இருந்தது."

"நல்லா யோசிச்சுப் பாரு. நாட்டுக்கட்டாலதான் கை கெட்டுதுன்னா எனக்கும் ஒண்ணுமில்லை, உனக்கும் ஒண்ணுமில்லை. இல்லேன்னா, கட்டினது யாரு? நீ. வெட்டினது யாரு? நீ. உத்தரவு கொடுத்தது யாரு? யாருமில்லை. உன் வேலை நிக்குமா? வீட்ல பொண்ணு இருக்கா இல்ல உனக்கு?"

இருந்தாள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஏழுமலை போன்ற ஆளுக்காக யார் எதிர்த்துக் கேட்கப்போகிறார்கள்? நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் முதலில் நாட்டுக்கட்டுக்குப் போகிறவர்கள்தானே. எல்லாரும் நம்பியிருப்பார்கள். அந்தப் பொய் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. கையையும் வாங்கிக்கொண்டு, பழியையும் அந்தக் கை மேலேயே போடுவதா?

"நீங்கதானே ஐயா சொன்னீங்க" என்றேன். "கட்டைப் பாக்காதே, விரலைப் பாருன்னு. பாத்தேன்."

அவரே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். பிறகு, "போ" என்றார்.

விசாரணை பெரிய டாக்டர் அறையிலேயே நடந்தது. அதிகாரி என்னைப் பார்த்து, "என்ன படிச்சிருக்கே?" என்று கேட்டார்.

"அஞ்சாவதுங்க."

"அஞ்சாவது படிச்சிட்டு டாக்டர் போட்ட கட்டை வெட்ட உனக்கு யார் உத்தரவு கொடுத்தது?"

"யாரும் இல்லைங்க."

"பிறகு?"

சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தது ஒன்றும் நினைவில் இல்லை. "விரல் செத்துக்கினு இருந்ததுங்க" என்று நடுங்குகிற குரலில் சொன்னேன். "நாளைக்கு இன்னொருத்தருக்கு அப்படி இருந்தாலும் வெட்டுவேங்க. நாட்டுக்கட்டு எதுவும் இல்லைங்க. ஈரத் துண்டோடதான் வந்தாரு." அவ்வளவுதான் வந்தது.

பெரிய டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சின்ன டாக்டர் எழுந்து, "வெட்டும்போது கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நான். சனிக்கிழமை வாசல்ல இவர் துண்டோட வந்ததையும் நான் பார்த்தேன்" என்றார். அதைச் சொல்வதற்கு அவருக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.

கடைசியில் ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"உன் கட்டை அவுத்தது யார்?"

"இவருதான்."

"இவருக்கு அதை அவிழ்க்க அதிகாரம் இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

ஏழுமலைக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பேஜாரா கீது. கட்டுனவரு அவுத்தாரு. அவுக்க அதிகாரம் இல்லாத ஆளுன்னா, கட்டச்சொல்ல என் கைய இவரு கையில குடுத்தது யாரு?"

அதிகாரி அந்தக் கேள்வியை அப்படியே பெரிய டாக்டர் பக்கம் திருப்பவில்லை. திருப்பத் தேவையும் இருக்கவில்லை. எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

யாருக்கும் வேலை போகவில்லை. சின்ன டாக்டரைத் தெற்கே எங்கோ தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். என்னை மாவுக்கட்டு அறையிலிருந்து எடுத்துத் துணி வெளுக்கிற கொட்டகையில் போட்டார்கள். அழுக்குத் துணியைத் துவைத்துக்கொண்டு பல மாதம் கிடந்தேன். நான் வருத்தப்பட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதிகாரி போகும்போது ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கத்தரியை இனி அலமாரியில் பூட்டக் கூடாது. கொட்டகையிலிருந்து வந்து, அதை மாட்ட வார்டுத் தூணில் நான்தான் ஆணி அடித்தேன். நிற்கிறவர் கண்ணுக்கு உயரமாக அடிக்கவில்லை. கட்டிலில் படுத்திருக்கிறவர் தலையைத் திருப்பினால் தெரிகிற உயரத்தில் அடித்தேன். அது எதற்கு இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

பிறகு என்னை மறுபடி மாவுக்கட்டு அறைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். கூப்பிட்டவர் பெரிய டாக்டர்தான். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கட்டுப் போட்டுவிட்டு ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும், "நான் இல்லாதபோது யார் பிரிக்கலாம்" என்று நோயாளி காதுபடச் சொல்லிவிட்டுத்தான் போவார். எனக்கு அது போதும்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றிலிருந்து ஒரு தொழிலாளியைக் கூட்டி வந்தார்கள். முதல் நாள் போட்ட கட்டைக் காட்டிவிட்டுப் போக வந்தவன். கூட வந்த மேஸ்திரி, அன்று பணியில் இருந்த டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னார். "நல்லாத்தான் சார் இருக்கான். நாளைக்கே வேலைக்கு வந்துடுவான்." அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மேஸ்திரியிடம், "வெளியே டீ நல்லா இருக்கும், குடிச்சிட்டு வாங்க" என்றேன். முறைத்துக்கொண்டே போனார். அவர் தலை மறைந்ததும் பையன், "அண்ணே, ராத்திரிலேர்ந்து விரலு மரத்துக்கினு கீது" என்றான். தூணுக்குப் போய்க் கத்தரியை எடுத்து வந்தேன். டாக்டர் கத்தரிக்குக் கையை நீட்டினார். யாரும் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அந்தப் பையனின் விரல்கள் ஐந்தும் இன்றைக்கும் நீளும்.

ஏழுமலையை நடுவில் ஒருமுறை சந்தையில் பார்த்தேன். மடங்கிய இரண்டு விரலையும் வலைக்கயிறு மாட்டுகிற கொக்கியாகப் பழக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "என் கட்டை அவுத்தவரு" என்றார். அந்த இரண்டு விரலுக்கும் நான் பதில் சொல்ல முடியாது. மற்ற மூன்றுக்காக யாரிடமும் பணிந்து நிற்கவும் மாட்டேன்.

ஆய்வுக்குப் பெரியவர்கள் வரும்போதெல்லாம், தூணில் கத்தரி தொங்குவது பார்வையாக இல்லை என்று யாராவது அதை எடுத்து உள்ளே வைப்பார்கள். அவர்கள் போனதும் நான் திரும்ப மாட்டுவேன். இனி நான் வரமாட்டேன். நீங்கள்தான் மாட்ட வேண்டும். ஒருநாள் அதை மறுபடி பூட்டி வைப்பார்கள். அன்றைக்குச் சாவியைக் கெஞ்சிக் கேட்காதீர்கள். ஏன் பூட்டினீர்கள் என்று கேளுங்கள். குரல் நடுங்கும். எனக்கும் நடுங்கியது. நடுங்குகிற குரலிலும் கேட்கலாம்.